அந்த வாக்குமூலத்தில் என்ன எழுதியிருக்கிறது?

கேள்வி: நாங்கள் திருப்பூர்க்காரர்கள், நான்கு நண்பர்கள். போன ஞாயிறு அதிகாலை சத்தியமங்கலம், கடம்பூர் வழியாக மாக்கம்பாளையம் ரோட்டில் ஆஃப்ரோடு பைக் ஓட்டப் போனோம். வழியில் ஒரு மண்தடம் பிரிந்தது. போன் மேப்பிலும் அது தெரிந்ததால் உள்ளே போனோம். போர்டு இல்லை, செக்போஸ்ட் இல்லை, ஊர்க்காரர்கள் ஜீப் போன தடம்கூட இருந்தது. இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் வனத்துறையினர் மறித்தார்கள். தரையில் உட்காரவைத்து ஒருமையில் திட்டினார்கள். எங்கள் போனில், வண்டிக்கு முன்னால் மான்கள் ஓடும் பதினைந்து விநாடி வீடியோ இருந்தது. அதைப் பார்த்ததும் ஏதோ எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வண்டிகளையும் போன்களையும் எடுத்துக்கொண்டு எங்களை அனுப்பிவிட்டார்கள். ஃபைன் கட்டினால் முடிந்துவிடும் என்கிறார் ஒருவர். காடு எல்லோருக்கும் பொதுதானே? ஹைகோர்ட்டில் ரிட் போடலாமா, மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாமா? என் வண்டியின் ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது.

பதில்: மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் வழக்குக்குத் தேவையானது இரண்டே வரி. ஒன்று, ரோட்டைவிட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனது. இன்னொன்று, அந்தப் பதினைந்து விநாடி.

மற்றதை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். போர்டு இல்லை என்பது தண்டனையைக் குறைக்கச் சொல்லும்போது உதவலாம், குற்றம் இல்லை என்று காட்ட உதவாது. ஊர்க்காரர் ஜீப் போகிறதே என்கிறீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல், சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதைத் தடுக்கும் பிரிவு 27, அங்கே சொத்துரிமை உள்ளவர்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் விலக்கு தருகிறது. அந்த விலக்கு உங்களுக்கு இல்லை. பொதுச்சாலை வழியாகக் கடந்து போகிறவருக்கும் விலக்கு உண்டு. மாக்கம்பாளையம் ரோட்டிலேயே நீங்கள் நின்றிருந்தால் உங்களுக்காக நான் அதை வைத்து வாதாடியிருப்பேன். மண்தடத்தில் திரும்பிய இடத்தோடு அந்த வாதம் முடிந்துவிட்டது. மேப்பில் தெரியும் கோடு அனுமதிச் சீட்டு ஆகாது. ஒருமையில் திட்டியது தவறுதான், அதற்கான புகாரை வழக்கு முடிந்த பிறகு கொடுங்கள். இப்போது ரிட் போட்டால் அரசுத் தரப்பு எதிர்மனுவில் முதல் இணைப்பாக உங்கள் வீடியோதான் வரும்.

இனி முக்கியமான கேள்வி: இந்த வழக்கை இணக்கக் கட்டணம் கட்டி, அதாவது நீதிமன்ற விசாரணை இல்லாமல் வனத்துறையிடமே ஒரு தொகை கட்டி, முடிக்க முடியுமா, முடியாதா? பிரிவு 54 முடியும் என்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு அந்தத் தொகை ஐந்து லட்சம் வரை போகலாம். ஆனால் குறைந்தபட்சச் சிறைத்தண்டனை சொல்லப்பட்ட குற்றம் எதையும் இணக்கம் செய்யக் கூடாது என்று அதே பிரிவு கதவை மூடுகிறது. நீங்கள் அந்தக் கதவுக்கு வெளியே இருக்கிறீர்களா, உள்ளே மாட்டிக்கொண்டீர்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் இடம். சத்தியமங்கலம் 2008-இல் சரணாலயமாகி, 2013-இல் புலிகள் காப்பகமானது. ஏறத்தாழ 1,408 சதுர கிலோமீட்டரில் 793 மையப்பகுதி, மீதி அதைச் சுற்றியுள்ள வெளிமண்டலம். மையப்பகுதி தொடர்பான எந்தக் குற்றத்துக்கும் பிரிவு 51(1சி) குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை என்கிறது. அத்துமீறி நுழைவதும் அந்த வார்த்தைகளுக்குள் வந்துவிடும். ஆகவே மகஜரில், அதாவது அந்த இடத்தில் எழுதிய பறிமுதல் குறிப்பில், எந்த வனச்சரகம், அதற்குள் எந்த பீட் (காவல் பகுதி), ஜிபிஎஸ் எண் என்ன என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் மேற்கொண்டு பேச முடியும். வெளிமண்டலம் என்றால் மூச்சு விடலாம், அந்த வீடியோ மட்டும் இல்லாதிருந்தால்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான். சட்டத்தில் வேட்டை என்பது துப்பாக்கியால் சுடுவது மட்டுமில்லை. பிரிவு 2(16)-இன்படி விலங்கை விரட்டுவதும், விரட்ட முயல்வதும் வேட்டைதான். புலிகள் காப்பகத்துக்குள் வேட்டை என்று எழுதிவிட்டால் வெளிமண்டலமாக இருந்தாலும் மூன்று ஆண்டுக்குக் குறையாது, இணக்கமும் கிடையாது. அதிகாலை நேரத்தில் என்ஜின் சத்தம் கேட்டு மிரண்டு ஓடுகிற மான் எங்கே போய் விழும், குட்டியை எங்கே விட்டுவிட்டு ஓடும் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த வரி ஏன் சட்டத்தில் இருக்கிறது என்று புரியும். அவர்கள் கோபத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

அதனால் அந்த வாக்குமூலத்தில் 'மான்கள் குறுக்கே வந்தன, வண்டியை நிறுத்தினோம்' என்று இருக்கிறதா, 'மான்களைத் துரத்திக்கொண்டு போய் வீடியோ எடுத்தோம்' என்று இருக்கிறதா? நால்வரின் அடுத்த சில வருடங்கள் அந்த ஒரு வினைச்சொல்லில் நிற்கின்றன. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வனத்துறை அதிகாரி போலீஸ் அதிகாரி இல்லை, அந்தப் பாதுகாப்பு இங்கே கிடையாது. உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அதிகாரி உங்கள் முன்னிலையில் பதிவு செய்த சாட்சியம் விசாரணையில் ஏற்கப்படும் என்று பிரிவு 50 தெளிவாகவே சொல்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு இளைஞர் வந்தார். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று யாரோ சொல்ல, தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார். 'இதற்கு முன் மூன்று முறை வந்ததற்கும் சேர்த்து மன்னிக்கவும்' என்று ஒரு வரி. கேட்காமலே மூன்று குற்றங்களை ஒப்புக்கொண்டுவிட்டார். இன்னொருவர் சரகத்தில் ரொக்கமாகப் பணம் கொடுத்துவிட்டு வழக்கு முடிந்தது என்று இருந்தார். ரசீது இல்லை, ஆணை இல்லை. ஒரு வருடம் கழித்து சம்மன் வந்தது.

ஆகவே நீங்கள் உடனே செய்ய வேண்டியது, எழுதியதன் நகலை வாங்குவது. பறிமுதல் செய்த பொருளைத் தாமதமின்றி நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். அங்கே நகல் மனு போட்டு மகஜரையும் வாக்குமூலத்தையும் வாங்குங்கள். நீங்கள் சொல்லாததை எழுதியிருந்தால், அது தவறு என்று புலிகள் காப்பகத் துணை இயக்குநருக்குப் பதிவுத் தபாலில் இந்த வாரமே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து மறுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். உண்மையிலேயே துரத்தியிருந்தால் பொய் எழுதாதீர்கள். வீடியோ அவர்கள் கையில் இருக்கிறது. உங்கள் வழக்கறிஞரிடம் மட்டும் நடந்ததைச் சொல்லி முன்ஜாமீனுக்கு ஏற்பாடு செய்யுங்கள். கிளவுடில் ஏறியிருக்கும் காப்பியையோ பயணப் பதிவையோ அழிக்காதீர்கள், சாட்சியத்தை அழித்ததாகத் தனி வழக்கு சேரும். வீடியோ எடுத்தவரும் பின்னால் வந்தவரும் ஒரே நிலையில் இல்லை. நால்வரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

மகஜர் வெளிமண்டலம் என்று சொல்லி, பிரிவு 27 மட்டும் போட்டிருந்தால், சண்டை வேண்டாம். கட்டி முடியுங்கள். தொகை அதிகம் என்று தோன்றினாலும் கட்டுங்கள். குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், இழுத்தடிக்கக் கூடாது. நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் அந்த வீடியோவைத் திரும்பப் பார்த்து, வேட்டைக்கான பிரிவு 9-ஐச் சேர்க்க வாய்ப்பு தருகிறீர்கள். ரேஞ்சருக்கு இணக்கம் செய்யும் அதிகாரம் இல்லை. துணை வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் எழுத்து ஆணை வேண்டும். அதில் எந்தப் பிரிவு என்பதைப் படித்துப் பார்த்தபிறகே பணம் கட்டுங்கள்.

வண்டி அரசுக்குப் போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் பயப்படாதீர்கள். பிரிவு 39-இன்படி வாகனம் அரசுடைமையாவது, அது குற்றத்துக்குப் பயன்பட்டது என்று நீதிமன்றம் முடிவு செய்த பிறகுதான், அதுவரை நடுவர் இடைக்காலமாக விடுவிக்கலாம் என்று மதுகர் ராவ் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இணக்கம் செய்துகொண்டவரின் பொருளை அதிகாரி பறிமுதல் செய்ய முடியாது என்று 2011-இல் ஜே.கே.ஜான்சன் வழக்கிலும் சொன்னது. அந்த இரண்டு தீர்ப்புகளும் மனுவோடு இருக்கட்டும்.

ஆனால் விடுவிக்கக் கேட்கும் மனுவை ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் போட வேண்டும். விற்பனைச் சீட்டு, பேசிக்கொண்டது எல்லாம் அங்கே எடுபடாது. பழைய ஓனரை இன்றே கூப்பிட்டு நடந்ததைச் சொல்லுங்கள். நாளைக்கு வழக்கு நோட்டீஸ் அவர் வீட்டுக்குப் போய், விஷயம் தெரிந்து கோபத்தில் அவர் கையெழுத்துப் போட மறுத்தால், உங்கள் மனுவை நீதிமன்றம் கோப்பில்கூட எடுக்காது.