பனிப்பாறை வரைந்தால் நீலச் சுவர் மாதிரி வருகிறது. உருகுவதை வாட்டர்கலரில் எப்படிக் காட்டுவது?

புகைப்படத்தைப் பார்த்து, டியூபில் இருக்கும் நீலத்தை அப்படியே பூசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கோளாறு அங்கேதான். பனிக்கட்டி சிவப்பு ஒளியை உறிஞ்சுவதால் நீலமாகத் தெரிகிறது. ஒளி உள்ளே எவ்வளவு தூரம் போய் வருகிறதோ அவ்வளவு நீலம். காற்றுக்குமிழி நிறைந்த மேற்பரப்பும் புதுப்பனியும் வெள்ளைதான். ஆகவே நீலம் விரிசலுக்குள்ளும் நீர்மட்டத்துக்குக் கீழும் இருக்கட்டும்.

300 ஜிஎஸ்எம், முழுக் காட்டன் தாள் எடுங்கள். 'காட்டன்' என்று அட்டையில் அச்சடித்துவிட்டு உள்ளே கால்பங்குதான் பருத்தி வைத்து விற்கிறார்கள், அநியாயம். அந்த மாதிரித் தாளில், வெள்ளையைக் காக்கப் பூசும் ரப்பர் போன்ற மாஸ்கிங் திரவத்தை உரித்தால் தாளும் சேர்ந்து பிய்யும். அந்தத் திரவத்தை வெயில் படும் முகத்துக்குப் பூசித் தானாகக் காயவிடுங்கள். ஹேர் டிரையர் காட்டினால் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். நிழலுக்கு அல்ட்ராமரைனில் துளி பர்ன்ட் சியன்னா, நன்றாக நீர்க்க. விரிசலுக்குப் பிரஷ்யன் நீலம், ஆனால் கடைசியில்; தாளில் ஊறிவிட்டால் முழுக்க எடுக்க வராது.

கடலை வெளிறிய நீலமாக விடாதீர்கள். புதுப்பனி வெயிலில் 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். திறந்த கடல் சாதாரணமாக 10 சதவீதம்கூட அனுப்பாது. பனி விலகி வெளிப்படும் கடல் அவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. படத்தில் மிகக் கருப்பான இடம் அதுதான். புகைப்படத்தைக் கருப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் இந்த வித்தியாசம் பிடிபடும்.

உருகலைக் காட்ட மெலிந்த கரடி வேண்டாம். மேற்குக் கிரீன்லாந்தில் கோடையில் பனிவிரிப்பின் ஓரம் சாம்பல் நிறம்: தூசி, கரி, பழுப்பும் ஊதாவுமான பாசி. கருந்தூசி வெப்பத்தை வாங்கிக் கீழே இறங்கி, நீர் நிற்கும் சிறு குழிகளைக் குடையும். அந்தச் சாம்பலுக்கு, நிழலுக்குக் கலந்த அதே கலவையில் சியன்னாவைக் கூட்டுங்கள். மிதக்கும் பாறையில் நீர்மட்டம் அரித்த பள்ளக்கோடு சாய்ந்து கிடந்தால், அடியில் கரைந்து எடை மாறிப் பாறை புரண்டிருக்கிறது என்று பொருள். ஈரத் தட்டைப் பிரஷ்ஷால் அந்தக் கோட்டை வெளுப்பாக எடுத்து, அதன் அடியில் மெல்லிய கருநீலக் கோடு போடுங்கள்.

"கோடையில் எப்போதும் உருகும்தானே" என்று பின்னூட்டத்தில் யாராவது கேட்பார்கள். உண்மைதான், ஒற்றைப் படம் பருவநிலை மாற்றத்துக்குச் சாட்சி ஆகாது. அதைச் சொல்ல ஒரே இடத்தின் இரண்டு காலத்தை அடுத்தடுத்து வரையுங்கள். மேற்குக் கிரீன்லாந்தின் இலுலிசாட் ஊருக்கு அருகே செர்மெக் குஜாலெக் பனியாற்றின் முகப்பு 1850-களிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் உள்வாங்கியிருக்கிறது. பழைய முகப்பு இருந்த இடத்தில் இன்று மிதக்கும் பனித்துண்டுகள்தான். நேரில் போகாதது குறையல்ல. 1901-04-இல் அண்டார்டிகா போன டிஸ்கவரி கப்பல் பயணத்தில் ஓவியர் எட்வர்ட் வில்சனே வெளியில் பென்சிலால் கோடு போட்டு, நிறங்களை எழுத்தில் குறித்துக்கொண்டு, பிறகு உள்ளே உட்கார்ந்துதான் வண்ணம் தீட்டினார்.

நொறுங்கிய பனித்துணுக்குகளுக்குக் கெட்டியான வெள்ளைக் கவாஷை (அடியில் உள்ளதை மறைக்கும் நீர்வண்ணம்) தெறிக்கவிடுங்கள். அது சுத்த வாட்டர்கலர் இல்லை என்று போட்டிகளில் ஒதுக்குபவர்கள், வாட்டர்கலர் மேதையான ஆங்கில ஓவியர் டர்னரே வெள்ளையைக் கலந்து பயன்படுத்தியவர் என்பதை மறந்துவிடுகிறார்கள்.