வீட்டுக்குள் வைக்கும் அன்டெனா: மட்டக்களப்பு, அம்பாறை வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்லடியிலிருந்து: அண்ணன், ரெண்டு கம்பி அன்டெனா ஒண்டு வாங்கி ரீவிக்குப் பின்னால வச்சிருக்கன். கம்பிய முழுசா இழுத்தும் படம் மணல் கொட்டின மாதிரித்தான் இருக்கு.

முழுசா இழுத்ததுதான் பிழை தம்பி. கம்பியின் நீளம் சனலின் அலைவரிசைக்குப் பொருந்த வேணும். விஎச்எஃப் எனும் கீழ் அலைவரிசைச் சனல்கள் 174 முதல் 230 மெகாஹேர்ட்ஸ் வரை. கீழ்ச் சனலுக்கு ஒவ்வொரு கம்பியும் சுமார் 40 செ.மீ., மேல்ச் சனலுக்கு 31 செ.மீ. போதும். அதற்கு மேலுள்ள யுஎச்எஃப் அலைவரிசையில் 500 மெகாஹேர்ட்ஸ் என்றால் வெறும் 14 செ.மீ.தான்.

அடுத்தது, அயல் கூரைகளில் அன்டெனாக் குச்சிகள் கிடையாக இருந்தால் உங்கள் கம்பிகளையும் கிடையாகவே விரியுங்கள். கம்பியின் நுனி ஒளிபரப்புக் கோபுரத்தைப் பார்க்கக் கூடாது, விலாப்பக்கம் பார்க்க வேணும். ரீவிக்குப் பின்னால் வைக்கவே வேண்டாம். அதன் மின்பலகையும் பக்கத்து எல்ஈடி பல்பும் இரைச்சலை அள்ளிக் கொட்டும். ஒன்றரை மீற்றராவது தள்ளி வையுங்கள்.

கல்முனையிலிருந்து: எந்தத் திசைக்குத் திருப்புறது?

கடல் பக்கம் திருப்பிப் பயனில்லை, மலை மேற்கில் இருக்கிறது. ஒளிபரப்புக் கோபுரம் நிற்கும் பிதுருதலாகலை மலை (2,524 மீற்றர்) மட்டக்களப்பு நகரிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 130 கி.மீ., தென்மேற்கே. கைப்பேசித் திசைகாட்டியில் 230 பாகை. கல்முனையில் 250 பாகை அளவு, பொத்துவிலில் கிட்டத்தட்ட நேர்மேற்கு. உங்கள் சனல் வேறு கோபுரத்திலிருந்து வந்தால் அயல் வீட்டுக் கூரையைப் பாருங்கள். மீன்முள்ளுப் போலிருக்கும் யாகி அன்டெனாவில் குச்சிகள் குட்டையாகிக்கொண்டு போகும் முனை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் கோபுரம்.

திசை சரியானாலும் இடம் தேட வேணும். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் கூடும், பக்கத்திலேயே ஒன்றையொன்று அழிக்கும். யுஎச்எஃபில் 15 செ.மீ. நகர்த்தினாலே படம் கெடும், அல்லது தெளியும். ஆகவே மேற்குப் பக்க யன்னலில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் கையை எடுத்து இரண்டடி விலகி நின்று பாருங்கள். உங்கள் உடம்பும் அலையை மாற்றும். பிடித்துக்கொண்டு நிற்கும்போது வரும் நல்ல படம் விட்டதும் போய்விடும்.

சம்மாந்துறையிலிருந்து: எங்கட வீடு தகரக் கூரை, சூட்டுக்கு அடியில வெள்ளித்தாளும் அடிச்சிருக்கு.

மேலிருந்து ஒன்றும் இறங்காது. உலோகம் அலையைத் திருப்பி விடும். யன்னல் வழியாக வருவதுதான் உங்களுக்கு. இரும்புக் கிராதி நெருக்கமாக இருந்தால் அதுவும் குறையும். அப்படியென்றால் கூரை விளிம்புக்கு வெளியே, சுவரில் ஒரு சின்ன யாகி பூட்டுவதே நல்லது. வீட்டுக்குள் காசைக் கரைக்க வேண்டாம்.

ஏறாவூரிலிருந்து: பூஸ்டர் போட்டா சரி வருமா?

பலர் முதலில் வாங்குவது இதைத்தான். பூஸ்டர் படத்தையும் பெருக்கும், இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். அன்டெனாவில் வராததை அது உண்டாக்காது. அதன் வேலை வயரிலும் ஸ்பிளிட்டரிலும் ஏற்படும் இழப்பை ஈடுசெய்வது. ஆர்ஜி-6 எனும் ரீவி வயர் 20 மீற்றரில் 500 மெகாஹேர்ட்ஸுக்கு 3 டெசிபல் அளவு, அதாவது ஏறத்தாழப் பாதி, போகும், இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் மூன்றரைக்கு மேல். நாலைந்து மீற்றர் வயர், ஒரே ரீவி என்றால் பூஸ்டர் தேவையில்லை. பூட்டுவதானால் அன்டெனாவுக்குக் கிட்டப் பூட்டுங்கள், ரீவிக்குப் பக்கத்தில் அல்ல. வயர் வழியே மின்சாரம் ஏறும் வகையென்றால் இடையில் சாதாரண ஸ்பிளிட்டர் வைத்ததும் மின் தடைப்பட்டு, இருந்த படமும் போய்விடும்.

ஆரையம்பதியிலிருந்து: படம் ரெண்டு ரெண்டாத் தெரியுது.

கட்டடத்தில் பட்டுத் தெறித்த அலை பிந்தி வருகிறது. கம்பியை மெல்லத் திருப்பித் தெறிப்பை விலக்குங்கள். 300 ஓம் தட்டை வயரை 75 ஓம் கேபிளோடு முறுக்கி விட்டிருந்தாலும் இப்படித் தெரியலாம். இடையில் பலூன் எனும் சின்ன மாற்றி வேணும்.

அக்கரைப்பற்றிலிருந்து: லண்டனில இருந்து வந்த ரீவி. படம் இருக்கு, சத்தம் இரைச்சல்.

இங்கே பால் பி/ஜி (PAL B/G) எனும் அனலொக் ஒளிபரப்பு முறை. சத்தம் படத்திலிருந்து 5.5 மெகாஹேர்ட்ஸ் தள்ளி வரும். இங்கிலாந்தின் பழைய ஐ (I) முறையில் அது 6. மெனுவில் பி/ஜி என்று மாற்றி, அனலொக் தேடலை மறுபடி ஓட விடுங்கள். புதிய ரீவியில் டிவிபி-டி2 (DVB-T2) எனும் டிஜிட்டல் முறை எழுதியிருப்பதை நம்பி டிஜிட்டலில் தேடாதீர்கள். 2014இல் இலங்கை தெரிந்தெடுத்தது யப்பானின் ஐஎஸ்டிபி-டி (ISDB-T) எனும் வேறு டிஜிட்டல் முறை.

பாசிக்குடாவிலிருந்து: ஆறு மாதம் நல்லா இருந்தது, இப்ப மங்கிப் போச்சு.

யன்னலோரம் உப்புக்காற்று. இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். நடுச் செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தால் இரண்டு அங்குலம் வெட்டி, புதுக் கனெக்டர் பூட்டி, ரப்பர் நாடா சுற்றுங்கள்.