மிதக்காத கப்பல்

கேள்வி: கப்பல் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து வரைகிறேன். கப்பல் மிதப்பதுபோல் இல்லாமல், தண்ணீர்மேல் தூக்கி வைத்ததுபோல் தெரிகிறது. பாதி முடிப்பதற்குள் கப்பலும் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பல வருடம் எனக்கும் இதே தொல்லைதான். காரணம் நீர்க்கோடு, அதாவது கப்பலின் பக்கத்தைத் தண்ணீர் தொடும் கோடு. கரையில் உட்காரும்போது நம் கண்மட்டம் நீர்க்கோட்டுக்கு மேலே, பெரிய கப்பலின் தளத்துக்குக் கீழே இருக்கும். அதனால் கப்பல் விலகிப்போகும் திசையில் தள விளிம்பு சரியும். நீர்க்கோடு லேசாக ஏறும். கண்மட்டத்தை முதலிலேயே மெல்லிய கோடாகப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் எடை. சரக்கு இல்லாத கப்பல் உயர்ந்து நிற்கும், அடியில் பூசிய சிவப்பு அகலமாகத் தெரியும். சரக்கு நிறைந்தால் அது ஏறக்குறைய மறைந்துவிடும். பக்கவாட்டின் நடுவில் வட்டமும் குறுக்குக்கோடும் இருக்கும். அதுதான் பிளிம்சால் குறி: சரக்கு ஏற்றும்போது கப்பல் எதுவரை அமிழலாம் என்ற எல்லை. பிரிட்டன் 1876-ல் அதைச் சட்டமாக்கியது. அந்தக் குறிக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளியைச் சரியாகப் பிடியுங்கள், கப்பல் தண்ணீருக்குள் அமர்ந்துவிடும். கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று காட்ட முன்முனையில் எழுதிய எண்கள் மீட்டர் கணக்கில் இருந்தால், ஒவ்வொன்றும் 10 செ.மீ. உயரம். எனக்கு அதுவே அளவுகோல்.

ஓடும் கப்பலுக்கு இரண்டு நிமிடம்தான்: வெளிக்கோடு, புகைபோக்கி, நிழல். மற்றதற்கு, நீர்மட்டத்தை மாற்றும் மதகு அறையில் காத்திருக்கும் கப்பலைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அங்கே கப்பல் ஏறும், இறங்கும். தள விளிம்பை முதலில் வரைந்துவிடுங்கள்.