எந்த ‘கே’ கூடியது?

அன்பின் அண்ணா,

அம்மாவின் இரத்தப் பரிசோதனைத் தாளில் ‘கே 5.6’ என்று இருந்தது. “கே கூடிவிட்டது, சாப்பாட்டில் கவனம்” என்று கிளினிக்கில் சொன்னார்கள், அவ்வளவுதான். விற்றமின் கே என்று நினைத்து வல்லாரை, முருங்கையிலை எல்லாவற்றையும் தம்பி நிறுத்திவிட்டான். தெம்புக்காகத் தினமும் செவ்விளநீர் கொடுக்கிறோம். அம்மா இதயத்துக்கு வோபரின் குளிசையும் எடுக்கிறார். அதே வாரம் புறக்கோட்டையில் பல்ப் வாங்கினேன், பெட்டியில் ‘6500 கே’. செட்டியார் தெருவில் நகை பார்த்தால் ‘22 கே’. ஏன் எல்லாரும் இந்த ஒரே எழுத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்?

– ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் செவ்விளநீரை நிறுத்துங்கள். மீதியைப் பிறகு வாசிக்கலாம்.

அந்தத் தாளில் இருப்பது பொட்டாசியம். இரத்தத்தில் அது லீற்றருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருப்பது வழமை. மிகவும் கூடினால் இதயத்துடிப்பே தடுமாறும். இளநீரிலும் வாழைப்பழத்திலும் அது தாராளமாக உண்டு.

கீரையை ஒரேயடியாக நிறுத்தியதும் நல்லதல்ல. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரின் வேலை செய்வதே, உறைய உதவும் விற்றமின் கேக்கு எதிராகத்தான். வழக்கமாகச் சாப்பிட்ட கீரை திடீரென்று நின்றால் மருந்தின் வீரியம் கூடி, இரத்தக்கசிவு வரப் பார்க்கும். வோபரின் எடுப்பவரிடம் டொக்டர்மார் கீரையே வேண்டாம் என்பதில்லை, வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கட்டும் என்பார்கள். சரி, நாளைக்கே பழையபடி கொடுக்கலாமா? கீரையிலும் பொட்டாசியம் இருக்கிறதே! ஆகவே அளவை நீங்களும் நானும் தீர்மானிக்க வேண்டாம். தாளையும் குளிசைகளையும் எடுத்துக்கொண்டு உடனே கிளினிக்குக்குப் போய், நிறுத்தியதையும் கொடுத்ததையும் சொல்லுங்கள். இரத்தம் உறையும் நேரத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த இரண்டு கேக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1807இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி பொட்டாஷ் என்ற காரத்தில் மின்சாரம் பாய்ச்சி ஓர் உலோகத்தைப் பிரித்து, பொட்டாசியம் என்று பெயர் வைத்தார். ஜெர்மன்காரர்கள் அதையே கே போட்டுத் தொடங்கும் காலியம் (Kalium) என்றார்கள். குறியீட்டில் நிலைத்தது அவர்களுடைய பெயர்தான். விற்றமினின் கதை கோழிக்குஞ்சில் தொடங்குகிறது. டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் குஞ்சுகளுக்குக் கொழுப்பில்லாத தீனி போட்டுப் பார்த்தபோது, அவற்றுக்கு உள்ளே இரத்தம் கசிந்தது. உறையவைக்கும் ஏதோ ஒன்று தீனியில் இல்லை என்று கண்டுபிடித்தார். உறைதலைக் குறிக்கும் ‘கோவாகுலேஷன்’ என்ற சொல்லை அவர்கள் நாட்டில் கே போட்டுத்தான் தொடங்குவார்கள், அந்த எழுத்தையே வைத்துவிட்டார். 1943ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

ஏன் ஒரே எழுத்து என்று கேட்டீர்கள். எழுத்துகள் 26தான், பெயர் வைப்பவர்கள் ஆயிரம் பேர். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இதில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பௌதிகத்தில் போல்ட்ஸ்மன் மாறிலி சின்ன கே, அதன் அலகில் வெப்பநிலையை அளக்கும் கெல்வினுக்குப் பெரிய கே. இரண்டும் ஒரே வரியில் வந்தாலும் உயர்தர மாணவர் தடுமாறுவதில்லை. துறைக்குள்ளே இருப்பவருக்கு அது சுருக்கெழுத்து. தாள் குசினிக்கு வந்த பிறகுதான் தொல்லை. வைத்தியத்துறைக்குள்ளேயே இப்படி நடந்திருக்கிறது. இன்சுலின் அலகை ‘யூ’ என்று சுருக்கி எழுத, அது பூச்சியமாகத் தெரிந்து, 4 அலகு 40 ஆகிப் போனதுண்டு. அதனால் அமெரிக்க மருத்துவமனைகளில் அந்த எழுத்தை எழுதக்கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தார்கள். நம் கிளினிக் கொப்பியிலும் ‘பொட்டாசியம்’ என்று முழுதாக எழுதினால் என்ன குறைந்துவிடும்? அடுத்த முறை எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

நகையின் 22 கே என்றால் 22 கரட், 24 பங்கில் 22 பங்கு தங்கம், அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 91.6. அதனால்தான் 916 முத்திரை. அதே தெருவில் நீலக்கல்லுக்குச் சொல்லும் கரட் வேறு, அது எடை, 200 மில்லிகிராம்.

பல்ப்பில் இருப்பது கெல்வின், ஒளியின் நிறத்தைச் சொல்வது. இரும்பு காயக் காயச் சிவந்து, மஞ்சளாகி, வெளுக்கும் அல்லவா, அந்தக் கணக்குத்தான். எண் ஏற ஏற வெளிச்சம் நீலம் கலந்த வெள்ளையாகும். 6500 பகல் வெளிச்சம் மாதிரி, குசினிக்கு நல்லது. அம்மாவின் அறைக்கென்றால் 2700 வாங்குங்கள், பழைய குண்டு பல்ப்பின் மஞ்சள் வெளிச்சம் வரும். பெட்டியைப் பிரிக்காவிட்டால் கடையில் மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.