ஓஆர்எஸ் கெட்டியா கலக்கினா பேதி ஏன் கூடுது?

அம்மாபேட்டை அக்கா, ஒரு லிட்டர் தண்ணில கரைக்க வேண்டிய ஓஆர்எஸ் (உப்பு-சக்கர பொடி) பாக்கெட்ட ஒரே டம்ளர் தண்ணில கலக்கி பையனுக்கு குடுத்தேன், பேதி கூடிருச்சுன்னு கேட்டிருக்கீங்க, முதல்ல அத நிறுத்துங்க. குடல் செல் சவ்வுல சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாதான் ஒரே புரதம் வழியா உள்ள போகும், பின்னாடியே தண்ணியும் போகும், அதுக்குத்தான் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்புன்னு அளந்து வெச்சிருக்காங்க. நீங்க குடுத்தது ரத்தத்த விட ரொம்ப கெட்டி, அதனால தண்ணி உடம்புலருந்து குடலுக்குள்ள இறங்கிரும், உப்பு போட்ட மாங்கா தண்ணி விடற மாதிரிதான். ரத்தத்துல சோடியமும் ஏறிரும், சின்னப்பசங்களுக்கு அது ஆபத்துங்க. இனி முழுசா ஒரு லிட்டர் ஆறுன தண்ணில கலக்கி ஸ்பூன் ஸ்பூனா குடுங்க, ஆனா இன்னிக்கே டாக்டர்ட காமிச்சிருங்க, சோர்ந்து கெடந்தாலோ ஒன்னுக்கு போகலைன்னாலோ ஒரு நிமிஷம்கூட யோசிக்காம பெரியாஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க.