நெய் காய்ச்சுவது எந்த வகை மாற்றம்?

வணக்கம். வெண்ணெய் நெய்யாவது இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா என்று உங்கள் மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அருமையான கேள்வி, ஒரே சொல்லில் விடையை அடைத்துவிடாதீர்கள். ஒரே வாணலியில் இரண்டும் நடக்கின்றன. வெண்ணெய் உருகுவதும், அதிலுள்ள சுமார் 16 சதவீதத் தண்ணீர் சடசடவென்று ஆவியாவதும் இயற்பியல் மாற்றங்கள். சத்தம் அடங்கியதும் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைக் கசடு பொன்னிறமாகும், மணம் எழும். பால் புரதமும் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையும் வினைபுரிந்து புதிய பொருள்களாகிவிட்டன. இதுதான் வேதியியல் மாற்றம்.

"பழைய நிலைக்குத் திரும்புமா" என்பதை மட்டும் அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். துருவிய தேங்காயும் திரும்பாது, ஆனால் அது தேங்காய்தான். புதிய பொருள் உண்டானதா என்று அவள் கேட்டுப் பார்க்கட்டும்.