கேள்வி–பதில்: வந்தவர் கேட்டதை முதலில் சொல்லுங்கள்

கேள்வி: சித்திரா பௌர்ணமிக்கு முன்பு, கண்ணகி கோயில் பற்றி 1,500 சொற்களில் வலைப்பதிவு எழுதினேன். கண்ணகி கதையில் தொடங்கி, வழித்தகவலைக் கடைசியில் வைத்தேன். நிறையப் பேர் வருகிறார்கள். வந்த வேகத்தில் போய்விடுகிறார்கள். என்ன குறை? – வாசகர், கம்பம்

பதில்: வரிசைதான் குறை. அந்த வாரம் உங்கள் பக்கத்தைத் திறப்பவருக்குக் கண்ணகியைத் தெரியும். மலைக்கு எப்படிப் போவது என்பதுதான் தெரியாது. அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். இப்படி:

"கண்ணகி கோயில் ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரா பௌர்ணமி அன்று மட்டும் பக்தர்களுக்குத் திறக்கும். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். தமிழகப் பக்கம் பளியங்குடியிலிருந்து நடந்து ஏறலாம். கோயில் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது."

அடுத்து தேதியும் நேரமும். தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் அந்த ஆண்டுக்கு அறிவித்ததை மட்டும் போடுங்கள். போன வருட நேரம் அப்படியே கிடந்தால், அதை நம்பி வருபவர் அடிவாரத்திலேயே திரும்ப வேண்டிவரும். இது சின்னத் தப்பு இல்லை. "கடைசியாகத் திருத்தியது" என்று தேதியையும் மேலே காட்டுங்கள். ஆண்டுக்கொரு புதுப் பதிவு வேண்டாம். ஒரே பக்கத்தைத் திருத்திக்கொண்டே வந்தால், மற்றவர்கள் முன்பு கொடுத்த இணைப்புகளெல்லாம் அங்கேயே வந்து சேரும். அதனால் ஆண்டு தலைப்பில் இருக்கட்டும், பக்க முகவரியில் வேண்டாம்.

கதையை வெட்டிவிடாதீர்கள். துணைத்தலைப்பு கொடுத்துக் கீழே வையுங்கள். வழி தெரிந்து நிம்மதியானவர் அதை ஆற அமரப் படிப்பார். ஒரு பத்திக்கு மூன்று நான்கு வாக்கியம் போதும். "நடைபெற்றுக்கொண்டிருக்கிறது" என்ற ஒரே சொல் கைப்பேசித் திரையில் பாதி வரியைத் தின்றுவிடும். "நடக்கிறது" என்றே எழுதலாம். இன்னொன்று: சிலர் "கோயில்" என்றும் சிலர் "கோவில்" என்றும் தேடுவார்கள், கேரளத்துக்காரர்கள் "மங்களாதேவி" என்பார்கள். மூன்றும் கட்டுரைக்குள் இயல்பாக ஓரிடத்திலாவது வரட்டும்.

கேள்வி: என் கட்டுரையின் முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முழ நீளத்துக்கு % குறிகளாக வருகிறது. பார்ப்பவர்கள் வைரஸ் என்று பயப்படுகிறார்கள். – வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: தமிழ்த் தலைப்பே முகவரியாகிவிட்டதால் வரும் தொல்லை இது. இணையத்தில் வழங்கும் யூனிகோடு முறையில் (UTF-8) ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் %-உடன் 3 எழுத்தாக மாறும். "கண்ணகி" என்பதில் புள்ளியையும் இகரக் குறியையும் சேர்த்து 6 குறியீடுகள்; ஆக 54 எழுத்து! வேர்ட்பிரஸ் முகவரிப் பகுதியை 200 எழுத்தோடு நிறுத்திவிடும், அதாவது 22 தமிழ்க் குறியீடுகள்தான். நீளத் தலைப்பு பாதியில் அறுந்து நிற்பது அதனால்தான். பிளாகரில் வேறு சங்கடம்: தமிழை விட்டுவிட்டு "பிளாக்-போஸ்ட்" என்று பொதுப்பெயர் வைத்துவிடும்.

வெளியிடும் முன்பே ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல்லாக, நடுவில் சிறுகோடு போட்டு, முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ஏற்கெனவே வெளியான பதிவென்றால், வேர்ட்பிரஸில் மாற்றினாலும் பழைய முகவரி பெரும்பாலும் தானாகப் புதியதற்குத் திருப்பிவிடும். பிளாகரில் பதிவை வரைவுக்குத் திருப்பி, முகவரியை மாற்றி, மறுபடி வெளியிட வேண்டும். பிறகு அமைப்புகளில் பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் வழியையும் நீங்களே சேர்க்க வேண்டும். இதை மறந்தால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் எல்லாம் செத்துப்போகும்.

கேள்வி: படங்கள் திறக்க நேரமாகிறது என்கிறார்கள். – வாசகர், திருத்தணி

பதில்: கைப்பேசிப் படம் ஒன்றே 3 முதல் 5 எம்பி வரும். அதை அப்படியே ஏற்றாதீர்கள். அகலத்தை 1,200 பிக்சலுக்குக் குறைத்து, 200 கேபிக்குள் ஜேபெக் (JPEG) அல்லது வெப்பி (WebP) கோப்பாகச் சேமியுங்கள். பேருந்து நேரம், கட்டணம் போன்றவற்றைப் படமாகப் போடவே வேண்டாம். எழுத்தாகப் போட்டால்தான் தேடலில் ஒழுங்காகக் கிடைக்கும், பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானும் படிக்கும்.